முதல் பீஸ் சாமிக்கு

அந்த இரும்புப் பின் என்னவோ சின்னதுதான். சுண்டுவிரலில் பாதி நீளம் வராது, தடிமன் ஆறு மில்லிமீட்டர். மைக்ரோமீட்டர் டப்பாவைத் தூக்கினால் அடியில் எண்ணெய் பூசிக்கொண்டு சமர்த்தாகப் படுத்திருந்தது. தண்டபாணி அதை எடுத்து உள்ளங்கையில் போட்டுக்கொண்டு, அட, இது எங்கே இங்கே, என்று சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டார். லேத் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கவ்வியான சக்கில் பம்புக்கான புஷ் வளையம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது, இன்றைக்கு முடிக்கவேண்டிய நாற்பதில் பதினேழாவது. கணபதி மெயின் ரோட்டில் ஒரு பஸ் ஆரனை விடாமல் அமுக்கிக்கொண்டு போயிற்று. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. எல்லாம் அதனதன் பாட்டுக்குத்தான் இருந்தது. கைக்குத்தான் முதலில் புரிந்தது. விரல்கள் அந்தப் பின்னை உருட்டி, தட்டி இறக்கத் தோதாக முனையில் கொடுத்திருந்த சரிவைத் தடவி, இது புதன்கிழமை செய்தது, மச்சினன் கிருபா வண்டிக்குச் செய்தது என்று சொல்லிவிட்டன. அதற்கப்புறம்தான் மனசுக்கு எட்டியது. கிருபா காலையில் ஒன்பதரைக்கே கோத்தகிரிக்குக் கிளம்பிப் போயாயிற்று. அந்த வண்டியில்தான்.

பதறாதே, பதறாதே, என்றார் தனக்குத்தானே. இரண்டு செய்தோமே. எப்போதும் இரண்டுதானே. அது இந்தப் பட்டறையின் சட்டம். எந்தப் புது வேலை வந்தாலும் லேத்தில் கடைகிற முதல் பீஸ் சாமிக்கு, இரண்டாவதுதான் வேலைக்கு. பதினேழு வருஷம் முன்னால் இதே சக்கு அவருடைய மோதிரவிரல் நுனியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றவர், சரி, கேட்காமல் எடுப்பானேன், நானே கொடுத்துவிடுகிறேன் என்று ஆரம்பித்த பழக்கம். சுவிட்ச் போர்டுக்கு மேலே பலகை, பலகையில் மாகாளியம்மன் படம், படத்துக்கு முன்னால் ஒரு தட்டு. முதல் பீஸுக்குக் குங்குமம் வைத்துத் தட்டில் போட்டு, ஒரு கற்பூரம் காட்டிவிடுவார். வெள்ளிக்கிழமை மனைவி கோகிலா வந்து பூப் போடும்போது தட்டில் இருப்பதை எடுத்துப் பக்கத்தில் இருக்கிற தூக்குப்போசியில் போட்டுவிடுவாள். பதினேழு வருஷத்து போல்ட்டும் புஷ்ஷும் அந்தப் போசியில் கிடக்கின்றன. ஆகவே இதுதான் சாமியுடையது. குங்குமம் வைக்க எடுத்து, வைக்காமல் மறந்துபோய், டப்பாவுக்கு அடியில் தங்கிவிட்டது. மற்றது வண்டிக்குள் இருக்கிறது. ஆச்சு, அவ்வளவுதான். ஸ்டூலைப் போட்டு ஏறித் தட்டைப் பார்த்தால் தீர்ந்தது. தட்டு காலியாக இருந்தால் நிம்மதி. தட்டில் ஒன்று குங்குமத்தோடு இருந்தால்? இருந்தால் கையிலிருப்பது வண்டிக்குள் இருக்கவேண்டியது. ஸ்டூல் நாலடி தூரத்தில் நின்றது. தண்டபாணி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பதினெட்டாவது புஷ்ஷைச் சக்கில் மாட்டினார். முடித்துவிட்டுப் பார்க்கலாம். என்ன ஓடியா போகிறது தட்டு.

எல்லாம் அந்த ஃபோர்க்கால் வந்தது. கிருபாவிடம் இருந்தது எண்பத்தொன்பதாம் வருஷத்து மோட்டார் பைக், கிண்கிண்ணென்று ஓடும், முன்சக்கரத்தைத் தாங்க ஊதுவத்திக் குச்சி மாதிரி இரண்டு ஃபோர்க். அதற்கு இந்தக் காலத்து ரேஸ் வண்டியின் ஃபோர்க்கைப் போடவேண்டும் என்று அவனுக்கு எந்த நேரத்தில் தோன்றியதோ. மேலே தடியாக, கீழே ஒல்லியாக, தங்க நிறத்தில் பளபளவென்று தலைகீழாய் நிற்குமே, அது. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து சாக்கில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, பாருங், ஒரு கீறல் இல்ல பாருங்." பார்த்தார். இல்லைதான். முன் ஃபோர்க்கில் கீறல் இல்லாத ரேஸ் வண்டி எதற்கு இரும்புக் கடைக்கு வருகிறது? அதைக் கேட்டதற்கு, "பின்னாடி லாரி அடிச்சதாமுங், முன்னாடி அப்படியே இருக்குதுன்னு கடைக்காரர் சொன்னார்" என்றான், ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி. ஓட்டினவன் என்னவானான் என்று அவனும் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. வலது ஃபோர்க்கில், சக்கரத்துக்கு ஒரு சாண் மேலே, கறுப்புக் கயிறு ஒன்று கட்டியிருந்தது. ஒன்பது முடிச்சு. யாரோ ஓர் அம்மாவோ அக்காவோ, கண் படக் கூடாதென்று கட்டியது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து இறுகிப்போய்க் கையால் அவிழ்க்க முடியாமல் இருந்தது. தண்டபாணிதான் பிளேடை வைத்து அறுத்தார். அறுத்து எங்கே போட்டார்? இரும்புச் சுருளோடு சேர்த்துக் குப்பைக்குத்தான் போயிருக்கும். கயிற்றை எல்லாம் அப்படிப் போடலாமா என்று அன்றைக்குத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது. இன்று காலை கோகிலா வாசலில் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கி, புதுசாய் ஒரு கறுப்புக் கயிறு கட்டினாளே, அதே வலது ஃபோர்க்கில், அதே ஒரு சாண் மேலே. யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவளுக்கு அந்த இடத்தை?

சீ, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கயிறு கட்டுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் கட்டுவார்கள், வேறு எங்கே கட்டுவது, சைலென்சரிலா? புதன்கிழமையை நினைத்துப் பார். ஒன்றன்பின் ஒன்றாக. ரேஸ் வண்டியின் ஃபோர்க்கு இரண்டையும் கீழே கவ்விப் பிடிப்பது ஓர் அலுமினியக் கிளாம்ப். அந்தக் கிளாம்பிலிருந்து மேலே போகிற இரும்புத் தண்டுதான் ஸ்டெம், அது வண்டியின் கழுத்துக்குள் நுழைந்து நின்றால்தான் ஹேண்டில் திரும்பும். அந்த ஸ்டெம் பழைய வண்டிக் கழுத்துக்குச் சேரவில்லை. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புது ஸ்டெம் கடைந்தார். செவ்வாய் முழுக்க அதே வேலை. புதன் காலையில் பிரஸ்ஸில் வைத்துக் கிளாம்புக்குள் இறக்கினார். இறங்கிற்று. கொஞ்சம் சுலபமாகவே இறங்கிற்று, அதுதான் அப்போதே நெருடியது. இன்னும் ஒரு நூலிழை இறுக்கமாக வைத்திருக்கலாம். போகட்டும், குறுக்கே பின் வரப்போகிறதே, பின் ஒன்று போதும், யானை இழுத்தாலும் கழன்று வராது என்று விட்டார். துளை போட்டார். இரண்டு பின் கடைந்தார். முதல் பின்னுக்குக் குங்குமம் வைத்தார். வைத்தாரா? வைத்தார், மோதிரவிரலின் மொட்டை நுனியில்தான் எப்போதும் குங்குமம் தொடுவார், அன்றைக்குச் சாப்பிடும்போதுகூட அந்த நுனி சிவப்பாக இருந்தது. கற்பூரம் காட்டினார். அப்புறம்? அப்புறம் பம்பு கம்பெனிக்காரர் போன். புஷ் எப்போது வரும் என்று. லேத் சத்தத்தில் கேட்காமல் தெருவுக்குப் போய், பெட்டிக்கடை நிழலில் நின்று, வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன் என்று பத்து நிமிஷம் சத்தியம் செய்துவிட்டு வந்தார். வந்தால் வண்டி காலூன்றி நிற்கிறது. "மாமா, ஏத்தீட்டேன்!" என்று கிருபா முகமெல்லாம் கிரீஸோடு இளிக்கிறான். ஃபோர்க்கு, ஸ்டெம், அது சுழல்வதற்கான கோன் செட் எல்லாம் கழுத்தில் ஏறி, நட்டும் முடுக்கியாயிற்று. தூசிக்கான ரப்பர் மூடி வேறு போட்டுவிட்டான், அது ஏறினால் பின்னுக்கான துளை கண்ணுக்கே தெரியாது.

ஆனால் சுத்தியல் சத்தம் ஞாபகம் இருக்கிறதே. டண், டண், டண், மூன்று அடி. பித்தளைத் துண்டை வைத்து மூன்று அடியில் பின் உள்ளே போகும், அப்புறம் இரண்டு ஓரத்திலும் ஒரு புள்ளிக் குத்து, வெளியே வராமல் இருக்க. அந்த மூன்று அடி காதில் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும், அந்தச் சத்தம் கேட்டபோது தான் எங்கே நின்றுகொண்டிருந்தார்? தண்டபாணி புஷ்ஷிலிருந்து டூலைப் பின்னால் இழுத்துவிட்டுக் கண்ணை மூடினார். பெட்டிக்கடை தெரிந்தது. தொங்குகிற ஷாம்பு பாக்கெட் சரம் தெரிந்தது. கம்பெனிக்காரர் குரல், அதற்குப் பின்னால் பட்டறைக்குள்ளிருந்து டண், டண், டண். ஐயோ. அது கிருபா கோன் செட் கிண்ணத்தைக் கழுத்தில் அடித்து இறக்கிய சத்தம். தான் அடித்தது இல்லை. தான் அடிக்கவே இல்லை. இல்லை, இல்லை, அப்படியும் சொல்லிவிட முடியாது. காலையில், போன் வருவதற்கு முன்பே, அடித்திருக்கலாம். கற்பூரம் காட்டியபின்தானே அடிக்கவேண்டும், முன்பே எப்படி? சாமிக்கு முந்திக்கொண்டு ஒரு நாளும் அடித்ததில்லை. கற்பூரம் காட்டியாயிற்று என்றால் வேலை முடிந்தது என்று மனசு கதவைச் சாத்திக்கொள்ளும், அதுதான் வினை. வந்து பார்த்தபோது வண்டி நின்றது, விரலில் குங்குமம் இருந்தது, தான் செய்யவேண்டியதைச் செய்துவிட்டதாகவே தோன்றியது. சாமி கும்பிட்டதால் வந்த மறதி என்று சொன்னால் ஊர் சிரிக்கும்.

போன் பண்ணலாமே. கூப்பிட்டு, தம்பி, நிக்கற இடத்துலயே நில்லு, இம்மிகூட நகராதே என்று சொல்லலாமே. போன் மேஜைமேல், கேட்டலாக் புத்தகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்தார். கிருபா பெயரைத் தேடி விரலைக் கொண்டுபோய் அப்படியே நிறுத்திக்கொண்டார். அந்தப் பயல் வண்டி ஓட்டும்போது போன் வந்தால் ஓரமாய் நிறுத்துகிற ரகம் இல்லை. ஓடுகிற வண்டியில் இடது கையை விட்டு, பாக்கெட்டில் துழாவி, போனை எடுத்து ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டு, "சொல்லுங் மாமா" என்பான். நூறு தடவை திட்டியாயிற்று. ஒற்றைக் கையில் ஹேண்டில், வளைவு, எதிரே காய்கறி லாரி, அந்த நேரம் பார்த்து வலது கை மட்டும் பிரேக்கை அமுக்கினால். போன் அடித்ததால்தான் ஆயிற்று என்று ஆகிவிட்டால்? மெசேஜ் அனுப்பலாம். மெசேஜ் சத்தம் கேட்டாலும் எடுத்துப் பார்க்கிற ஜென்மம்தான் அது. ஓடுகிற வரை ஓடட்டும், எங்கேயாவது டீ குடிக்க நிறுத்துவான், நிறுத்தியதும் அவனே கூப்பிடுவான், ஃபோர்க்கு எப்படி இருக்கிறது என்று சொல்லாமல் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. அதுவரை பொறு. இது நியாயமான யோசனைதான் என்று தண்டபாணி தலையாட்டிக்கொண்டார். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். போனை வைத்தபோது அவருக்குக் கொஞ்சம் ஆசுவாசமாகவும் இருந்தது, மறந்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லவேண்டிய வேளை தள்ளிப்போனதில். முப்பது வருஷத்து லேத்காரர். மாமா கைபட்டால் அலுங்காது என்று அவன் சிநேகிதக்காரர்களிடம் பீற்றிக்கொள்கிறவன்.

மூன்று செய்திருந்தால்? ஆமாம், அது ஒன்று இருக்கிறதே. சில நாள் இரண்டாவது பீஸ் அளவு தப்பும், அப்போது மூன்றாவது கடைவார். கையிலிருப்பது அந்தத் தப்பிப்போன பீஸாக இருக்கலாம், அதனால்தான் டப்பாவுக்கு அடியில் தள்ளிவிட்டிருப்பார். இதை நினைத்ததும் மனசு லேசாகி, வெளியே போய் ஒரு டீ குடிக்கலாமா என்றுகூட ஆகிவிட்டது. மைக்ரோமீட்டரைத் திறந்து பின்னை வைத்தார். துணியால் துடைத்து வைத்தார். ஆறு புள்ளி பூஜ்யம் இரண்டு. அதுதான் வேண்டிய அளவு, ஒரு இழை அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. பின்னைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் பார்த்தார். ஆறு புள்ளி பூஜ்யம் இரண்டு. எத்தனையோ நாள் இந்த அளவு வரவேண்டுமே வரவேண்டுமே என்று மல்லுக்கட்டியிருக்கிறார், இன்றைக்கு ஒரு இழை தப்பியிருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பார். இப்படியா கச்சிதமாகக் கடைவது, பாவி.

பதினொன்றே முக்கால். இந்நேரம் மேட்டுப்பாளையம் தாண்டி மலையில் ஏறிக்கொண்டிருப்பான், ஏறிக்கூட முடித்திருப்பான். ஏறும்போது பயமில்லை. ஏறும்போது பாரமெல்லாம் பின்னால் இருக்கும், முன் ஃபோர்க்கு சும்மா வழிகாட்டிக்கொண்டு வரும். இறங்கும்போதுதான். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் முன் பிரேக்கு, ஒவ்வொரு பிரேக்குக்கும் வண்டியும் ஆளும் சேர்ந்து அந்தக் கழுத்தில் வந்து குப்புற விழும், ஒவ்வொரு தடவையும் ஸ்டெம் கிளாம்பை விட்டு ஒரு நூல் நகரும். நூலுக்குப்பின் நூல். கையில் ஒன்றும் தெரியாது. ஹேண்டில் லேசாய்த் தளர்ந்த மாதிரி இருக்கும், புது ஃபோர்க்கு, பழகினால் சரியாகும் என்று நினைத்துக்கொள்வான். சிரித்துக்கொண்டேகூட இருப்பான், தனியாக ஓட்டும்போது சிரிக்கிறவன் அவன். அப்புறம் ஒரு வளைவில் ஹேண்டில் திரும்பும், சக்கரம் திரும்பாது. தண்டபாணியின் உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. பின்னை இறுக்கிப் பிடித்தார், அவர் இங்கே இறுக்கிப் பிடித்தால் அங்கே பிடித்துக்கொள்ளும் என்கிற மாதிரி. இருபத்தொன்றாவது புஷ் அளவு தப்பியது. இருபத்திரண்டும். என்ன வேலை இது, என்று லேத்தை நிறுத்தினார். நிறுத்தியதும் பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை, அது ஓடுவதைவிட மோசமாக இருந்தது. ஸ்டூல் அங்கேயே நின்றது.

கல்யாணத்தில் பீரோ, கட்டில், மிக்ஸியோடு சேர்த்து ஒரு மச்சினனையும் சீராகக் கொண்டுவந்தவள் கோகிலா. ஊரே கேலி பேசியது. அம்மா போய்ச் சேர்ந்து, அப்பா இருக்கிற இடம் தெரியாமல், ஆறு வயசில் மூக்கு ஒழுகிக்கொண்டு அக்கா முந்தானையைப் பிடித்தபடி மணவறையில் ஏறி உட்கார்ந்தவன். புகைப்படத்தில் மாலைக்கு நடுவில் அவன் தலைதான் தெரிகிறது. தனக்கென்று பிள்ளை இல்லை என்று அவள் அழுததே இல்லை. ஒருதரம் தண்டபாணி கேட்டதற்கு, "அதான் ஒண்ணு இருக்குதல்லங், எட்டு ஊருக்குச் சமமா" என்றாள். அவள் பன்னிரண்டரைக்குச் சோறு கொண்டுவருவாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பூவும் கொண்டுவருவாள். வந்து முதலில் கேட்பது அவனைத்தான். என்ன சொல்வது? வந்துவிடுவான் என்று சொல்லலாம். அது பொய் இல்லை. அது உண்மை என்றும் சொல்வதற்கில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவருக்கு உள்ளங்கையில் இருந்தது, ஐந்து கிராம்கூட இருக்காது.

வந்தேவிட்டாள். செருப்பை வாசலில் விட்டு, சோற்றுப் போசியை மேஜையில் வைத்து, "என்னுங், மிஷின நிறுத்தீட்டு நிக்கறீங்க, கரண்டு இல்லீங்களா?" என்றாள்.

"இருக்குது. சும்மா நிறுத்தினேன்."

"மூஞ்சி என்னுங் இப்படி இருக்குது? காலையில பலகாரம் சாப்பிட்டீங்களா இல்லியா?" பதிலுக்கு நிற்கவில்லை. "கிருபா கூப்பிட்டானுங்களா? போயி எறங்கினதும் போன் பண்ணுடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவனுக்கு அந்தத் தங்கக் குழாயப் பாத்ததுல இருந்து கால் தரையில பாவல."

"வருவான்" என்றார் தண்டபாணி. குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. கோகிலா ஸ்டூலை இழுத்துச் சுவிட்ச் போர்டுக்குக் கீழே போட்டாள். வேண்டாம், ஏறாதே என்று சொல்லவேண்டும் போல இருந்தது. அவள் ஏறினாள். பழைய பூவை எடுத்தாள், படத்தைத் துடைத்தாள், மல்லிகையைக் கிள்ளி வைத்தாள். தட்டு காலியாக இருக்கட்டும் தாயே. இனிமேல் இரண்டு என்ன, பத்துப் பீஸ் கடைந்து வைக்கிறேன். தட்டு காலியாக இருக்கட்டும்.

"இந்த வாரம் ஒண்ணே ஒண்ணுதானுங்களா?" என்றாள் கோகிலா. "துளியூண்டு இருக்குது, ஆணியாட்டம். குங்குமத்தப் பாருங், அதவிடப் பெரிசா அப்பி வெச்சிருக்கறீங்க." சிரித்துக்கொண்டே அதை எடுத்துத் தூக்குப்போசியில் போட்டாள். உள்ளே அது எதன் மேலோ பட்டு உருண்டு அடங்கியது.

அதற்கப்புறம் யோசிக்க ஒன்றும் இல்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இந்த ஒன்றரை மணி நேரம் அவன் ஏறிக்கொண்டிருந்தான், இனி இறங்குவான், அடிக்கிற போனைவிட அடிக்காத போன்தான் இப்போது ஆபத்து. மணி அடித்தது. மூன்று தடவை. ஐந்து தடவை. இப்போது பாக்கெட்டில் துழாவிக்கொண்டிருப்பான். ஏழு. எட்டு.

"சொல்லுங் மாமா!"

காற்றுச் சத்தம் இல்லை. எண்ணெய் பொரிகிற சத்தமும் யாரோ டம்ளர் கழுவுகிற சத்தமும் கேட்டது. "எங்கடா இருக்கற? ஓட்டீட்டு இருக்கறியா?"

"இல்லீங் மாமா, கோத்தகிரிக்கு இந்தாண்ட டீக்கடையில உக்காந்திருக்கறேன். மாமா, ஃபோர்க்கு இருக்குதே, அடேயப்பா! கல்லு குழி ஒண்ணும் தெரியல, தண்ணி மேல போறாப்புல இருக்குது. நீங்க பெரிய ஆளுங் மாமா."

"கிருபா, நாஞ் சொல்றதக் கேளு. வண்டிய எடுக்காத. தொடாத. நான் ஆட்டோ வெச்சுக்கிட்டு வாறேன், இல்ல டெம்போ அனுப்பறேன், அது வரைக்கும் அந்தச் சாவியக் கையில தொடாத. ஸ்டெம்முல பின் போடல. நான் மறந்துட்டேன். கேக்குதா? நான் மறந்துட்டேன்."

"மாமா" என்றான் கிருபா. "வண்டி இங்க இல்லீங்."

"இல்லீன்னா?"

"இங்க ஒருத்தரு வந்தாருங், குன்னூர்ப் பக்கம். நம்மளாட்டமே பழைய வண்டிக் கிறுக்கு. ஃபோர்க்கப் பாத்துட்டு விடவே இல்ல. ஒரே ஒரு ரவுண்டு, கீழ பாலம் வரைக்கும் போயிட்டு வாறேன்னு கேட்டாருங். சரீன்னு சாவியக் குடுத்துட்டேன். அவரு சம்சாரம் இங்கதானுங் என் பக்கத்துல இருக்குது, பஜ்ஜி சாப்பிட்டுட்டு."

"அப்பாடா" என்றார் தண்டபாணி.

வாய் சொல்லிவிட்டது. நெஞ்சுக்குள் காலையிலிருந்து முறுக்கிக்கொண்டிருந்தது ஒரு நொடியில் அவிழ்ந்தது, வாசல்படியில் உட்கார்ந்தார். நம்ம பையன் இல்லை. அவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், கையும் காலும் முழுசாக. வேறு யாரோ. அந்த வேறு யாரோ என்கிற சொல் மனசில் வந்து நின்றதும், அவிழ்ந்தது அப்படியே திரும்பி வேறு விதமாக முறுக்கியது. கீழே என்றானே. பாலம் கீழே. இறக்கம். உள்ளேயிருந்து கோகிலா, "அப்பாடான்னீங்களே, நல்லா இருக்கறானுங்களா? சாப்பிட்டானாமா?" என்றாள்.

"இருக்கறான்" என்றார். போனில், "எத்தன நேரமாச்சு அவன் போயி?"

"ஒரு இருவது நிமிசம் இருக்குமுங் மாமா. பாலம் பக்கந்தான். வந்திருக்கோணுமே." கிருபாவின் குரல் ஆறு வயசுக்குப் போய்விட்டது. "மாமா, அவரு போனும் இங்க அந்தப் பொண்ணு கையிலதானுங் இருக்குது."

"அவன் வண்டி அங்க நிக்குதா?"

"நிக்குதுங், சாவியோட."

"எடுத்துட்டுப் போ. போயி மறிச்சு நிறுத்து. பிரேக்கு புடிக்காம மெதுவா ஓரங்கட்டச் சொல்லு. ஓடு!"

பெஞ்சு தள்ளப்படுகிற சத்தம். "இதக் கொஞ்சம் புடிங்கம்மா" என்று அவசரமாய்க் கிருபா சொல்வது கேட்டது. ஒரு வண்டி உதைபட்டு, உறுமி, சத்தம் தேய்ந்து போயிற்று. அப்புறம் போன் கைமாறி, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு ஒரு சின்ன வயசுப் பெண் குரல் வந்தது.

"அலோ? அந்த அண்ணன் எதுக்குங்க எங்க வண்டிய எடுத்துட்டு இப்படி ஓடறாரு? நீங்க யாருங்க பேசறது?"

தண்டபாணி கையைத் திறந்து பார்த்தார். பின் உள்ளங்கையில் பதிந்து சிவப்பாய் ஒரு தடம் விழுந்திருந்தது. உள்ளே கோகிலா இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அலோ? அலோ? சொல்லுங்க, யாருங்க?" என்றது போன்.